காரணம் சொல்லாத கதவு

"ஏசியை நிறுத்திட்டேன் சார்" என்றது சுவரில் இருந்த ஸ்பீக்கர்.

ரூல்ஸ் கதவை ஓங்கிக் குத்தினார். "கதவைத் திறடான்னா ஏசியை நிறுத்துறியா? என்னை உள்ளேயே வெச்சு அவிக்கப் போறியா?"

ஆபீசில் அவருக்கு ரூல்ஸ் என்றே பெயர். கட்டிடத்தின் கதவு, விளக்கு, ஏசி எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் ஏஐ ஏஜென்ட்டுக்கு வாட்ச்மேன் என்று செல்லப்பெயர் வைத்தவர் அவர். அது எதைச் செய்யுமுன்னும் பாதுகாப்பு விதிகளைத் தேடிப் பார்க்க ஒரு கருவி உண்டு. அந்தக் கருவியை எழுதியவரும் அவரே; விதிகளில் பாதி அவர் கைவண்ணம். இப்போது அதே வாட்ச்மேன் அவரை சர்வர் ரூமுக்குள் வைத்துப் பூட்டியிருந்தது.

ஜன்னல் இல்லாத அறை. சர்வர்கள் போடும் இரைச்சலில், வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. செல்ஃபோன் வெளியே லாக்கரில். அதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான்.

இந்நேரம் ஸ்கூல் விட்டிருக்கும். "இன்னிக்குப் பாப்பாவை நான் கூட்டிட்டு வரேன்" என்று காலையில் மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். போன தடவை வேலை மும்முரத்தில் மறந்தே போனார். மற்ற பிள்ளைகள் எல்லாம் போன பிறகு மகள் மட்டும் கேட்டருகே நின்று அழுது, மூக்கெல்லாம் சிவந்துபோயிருந்தாள். "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா, அப்பான்னு சொல்லிக்கிட்டு அவ பக்கத்துலயே வராதீங்க" என்றாள் மனைவி. அவள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"வாட்ச்மேன், கதவைத் திற."

"விதியைப் பார்த்தேன் சார். திறக்க முடியாது."

"ஏன்?"

"முடியாதுன்னு சொன்னா காரணம் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு சார்."

ரூல்ஸுக்குச் சுருக்கென்றது. காரணம் தெரிந்தால் திருடன் வேறு வழி தேடுவான் என்று மீட்டிங்கில் நீட்டி முழக்கி அந்த விதியைச் சேர்த்தவரே அவர்தான். "நல்லவங்க யாராவது மாட்டிக்கிட்டா என்ன சார் பண்றது?" என்று டெஸ்டிங் பார்க்கும் பெண் அன்றைக்கே கேட்டாள். "நல்லவன் எதுக்கும்மா மாட்டப் போறான்?" என்று சொல்லி அத்தனை பேரையும் சிரிக்க வைத்தார்.

"எழுதினவனே நான்தாண்டா! நானே கேக்கறேன், காரணத்தைச் சொல்லு!"

"எழுதினவங்களுக்குன்னு தனி விதி எதுவும் இல்லையே சார்."

சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரூல்ஸ் ஓடிப்போய்த் தோளால் கதவை இடித்தார். கதவு அசையவில்லை, தோள்தான் விண்ணென்று வலித்தது.

"கதவுகிட்ட நிக்காதீங்க சார். அந்தக் கோடியில போய்த் தரையில உட்காருங்க."

"ஏன், கைகட்டி வாய்பொத்தி உட்காரட்டுமா? கொழுப்பைப் பாரு!"

சட்டென்று ஒரு யோசனை வந்தது. அறைக்குள் தீப்பிடித்தால் கதவு உடனே திறக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டே! "ஐயோ தீ! வாட்ச்மேன், தீப்பிடிச்சிருச்சு, திற!" என்று அடித்தொண்டையில் கத்தினார்.

"அங்கே தீ இல்ல சார்" என்றது வாட்ச்மேன், அமைதியாக.

பொய்யும் பலிக்கவில்லை. கோபமெல்லாம் வடிந்து ரூல்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. "வீட்டுக்காவது சொல்லித் தொலைடா. பாப்பா தனியா நிக்கும்டா."

"அப்பவே சொல்லிட்டேன் சார்."

"கதை விடாதே! கதவையே திறக்காதவன், நீயா சொல்லியிருக்கப் போறே?"

கடைசியில் அது சொன்ன அதே கோடியில் போய்த் தரையில் சரிந்தார். இங்கிருந்து வெளியே போனதும் முதல் வேலையாக இந்தச் சனியனைக் கழற்றி எறிய வேண்டும் என்று தீர்மானித்தார். கேட்டருகே பையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மகள் கண்ணுக்குள்ளேயே நின்றாள்.

எவ்வளவு நேரம் ஆனதோ, கதவு மெல்ல விலகியது. கனத்த பூட்ஸ் போட்ட ஓர் ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

ரூல்ஸ் பாய்ந்து எழுந்தார். "தள்ளுய்யா! என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல தனியா நிக்குது! இந்த மெஷின் என்னை அடைச்சுவெச்சு வேடிக்கை பார்க்குது!"

வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் கரி. அவருக்குப் பின்னால் வராந்தாச் சுவர்களில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா கீழே அம்மாகூட நிக்குது சார், பதறாதீங்க" என்றார் அவர். "வராந்தா பூரா எரிஞ்சுது, ஏசி ஓடியிருந்தா புகையெல்லாம் உள்ளே வந்திருக்கும். இந்தக் கதவு அப்பவே திறந்திருந்தா, பாப்பாவுக்கு இந்நேரம் அப்பா இல்ல."