இடது தோள்

திங்கள்தோறும் ஆய்வகத்தில் சுத்தப் பரிசோதனை நடக்கும். அவரவர் கோட்டில் அகார் தட்டை ஒற்றி, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அவள் கோட்டின் இடது தோளில் ஒற்றிய தட்டில், நான்கு விரல்கள் பதிந்த மாதிரி மஞ்சள் புள்ளிகள் முளைத்திருந்தன.

"அட, இது உங்க வீட்டுக்காரர் கைத் தட்டுல எப்பவும் வளர்ற மஞ்சளாச்சே! மனுஷன் கை கழுவப் போனா சோப்பை நலம் மட்டும் விசாரிச்சுட்டு வந்துடுவாரு" என்று சிரித்த மேற்பார்வையாளர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். இதே ஆய்வகத்தில் வேலை பார்த்த அவள் கணவர் இறந்து இரண்டு வருஷம்.

"கோட்டை ஆட்டோகிளேவ்ல போட்டாகணும்மா."

"தெரியும் சார்."

பொத்தான்கள் நான்குதான். கழற்றுவதற்குக் கால் மணி நேரம் ஆனது.

ஆட்டோகிளேவின் நூற்றிருபத்தொரு டிகிரி நீராவியில், கிருமியெல்லாம் சாக, கோட்டு வெந்து வந்தது. மறுநாள் காலை மாட்டிக்கொண்டாள். துணி முழுதும் ஆறிச் சில்லென்றிருந்தது, இடது தோளைத் தவிர.