சிப்பி இல்லாத மணல்

பூமணி மறுபடியும் குதிரையிலிருந்து விழுந்தாள்.

கடற்கரையில் நின்ற கரைவலை முதலாளி அலெக்ஸாண்டர் சம்மாட்டிக்குக் கோபம் தலைக்கேறியது. தமிழ்நாட்டில், அகதி முகாமில் இருந்த காலத்தில் குதிரை பழக்கியவள் என்று நம்பி முருங்கனிலிருந்து கூப்பிட்டவர். அவளோ காலையிலிருந்து விழுந்து விழுந்து எழும்புகிறாள். விழுந்த கையோடு சேணத்து வாரைத் தளர்த்தி, குதிரையின் கழுத்தைத் தடவி, அதை நிழலில் ஆறவிடுகிறாள்.

“நீ விழுந்தா அதுக்கு லீவோ?” என்று கத்தினார். “என்ர கரைவலையில கயிற்றைக் கைவிட்டவனுக்குத் தேத்தண்ணியும் இல்லை, தெரியுமோ?”

“சம்மாட்டியார், ஒருக்காக் கேளுங்கோ...”

“வாயைப் பொத்து! நீயே இருக்க ஏலாத குதிரையில என்ர பிள்ளையை எப்பிடி ஏத்துறது?”

பனை நிழலில் கதிரையில் இருந்த மகள் டிலோஜினி முகம் வாடினாள். பிறவியிலேயே ஒரு கால் சூம்பியவள். குதிரையேறிப் பழகினால் இடுப்புக்கு உறுதி வரும் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு வேறு கனவு இல்லை. நாளைக்குத்தான் ஏற்றுவதாக இருந்தது.

“அக்காவைப் பேசாதேங்கோ பப்பா. அவவுக்கு நோகேல்லை. சிப்பி கிடக்கிற பக்கம் அவ ஒருக்காலும் விழேல்லை.”

“ஓம், விழுறதில மட்டும் கெட்டிக்காரி!” சம்மாட்டி பூவரசங் கம்பொன்றை முறித்தார். “நீ பஸ்ஸைப் பிடிச்சுப் போ. அடிச்சுப் பழக்க எனக்குத் தெரியும்.”

பூமணி தடுக்கத் தடுக்க, தானே ஏறி உட்கார்ந்து ஓங்கி ஓர் அடி போட்டார்.

குதிரை பாய்ந்தது. சம்மாட்டி சரிந்தார். ஒரு பாதம் சேணத்து வளையத்துக்குள் மாட்டிக்கொண்டது.

“மாதாவே!” என்று டிலோஜினி அலறினாள். சிப்பிமேல் இழுபட்டுச் சாகப்போகிறோம் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இழுபடவில்லை. குதிரை நட்ட கல்லுப்போல நின்றது. தலையைத் திருப்பி, வாரைத் தளர்த்த ஆள் வருகிறதா என்று பார்த்தது.

பூமணி ஓடிவந்து அவர் காலை விடுவித்தாள். பிறகு குதிரைக்கு அடிபட்ட இடத்தைத் தடவி, வாரைத் தளர்த்தினாள்.

சம்மாட்டி வாயில் புகுந்த மணலைத் துப்பினார். “இப்பவும் அதுக்குத்தான் ஆறுதலோ?”

“தங்கச்சி ஒருநாள் விழுவா, ஐயா. அதுக்குத்தான் நான் விழுந்தனான்.”