பிரபல பாடசாலை மாணவி

"அண்ணை, 'பிரபல' எண்டு நீங்களோ போட்டது?"

லவீனா கைபேசியைச் செய்தி ஆசிரியரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் எழுதிக் கொடுத்த செய்தி வேறு தலைப்போடு இணையத்தில் ஏறியிருந்தது. 'கடையில் சப்பாத்துத் திருட்டு: யாழ். நகரின் பிரபல பாடசாலை மாணவி சிக்கினார்!'

"ஓம், நான்தான்" என்றார் ஹரோல்ட், கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

எங்கள் செய்தித் தளங்களில் பிரபலமில்லாத ஆளுக்கு விபத்துகூட நடக்காது. பெட்டிக்கடைக்காரர் கைதானாலும் பிரபல வர்த்தகர்தான். தெரிந்த கதையென்றாலும் லவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிரபல எண்டால் நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கோணும். தோட்டங்களுக்கு நடுவிலை கிடக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தை ஆருக்குத் தெரியும்? நான் 'ஒரு மாணவி' எண்டுதானே எழுதினனான்?"

தொலைபேசி அடித்தது. ஹரோல்ட் எடுத்தார்.

"எங்கடை கல்லூரியின்ரை மானத்தை வாங்கிப்போட்டியள்! கனடாவிலையிருந்து பழைய மாணவர் சங்கம் கதைக்கிறன். வழக்குப் போடுவம்!"

"நான் ஒரு கல்லூரியின்ரை பேரும் போடேல்லையே, ஐயா."

"நகரத்திலை பிரபல எண்டால் வேறை ஆர்? நாங்கள்தானே!"

அதை வைத்த கையோடு இன்னொரு கல்லூரி. அவர்களும் தாங்கள்தான் என்றார்கள், இன்னும் மோசமான சொற்களோடு.

காலணிக் கடையின் கமெராப் படம் காலையிலேயே எல்லாக் கைபேசிக்கும் போயிருந்தது. முகம் இல்லை. வளர்ந்த பெண்ணொருத்தியின் முதுகும் வெள்ளைச் சீருடையும் மட்டும். கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டதால் எந்தப் பள்ளிக்கூடமென்று தெரியவில்லை. ஊரெல்லாம் அதே கேள்வி.

"இப்ப பாருங்கோ" என்று லவீனா கத்தினாள். "யூடியூப்காரர் எல்லாரும் நகரத்துக் கல்லூரி வாசல்களிலை நிக்கிறாங்கள். நாலு பேர் கூடப் பாக்கிறதுக்காக இப்பிடி ஒரு பொய்! உங்களுக்கு வெக்கமாய் இல்லையோ? தள்ளுங்கோ, நான் திருத்துறன்."

மவுஸை அவர் கையால் பொத்திக்கொண்டார். "என்னெண்டு திருத்துவாய்?"

"கிராமத்துச் சின்னப் பாடசாலை எண்டு. உண்மை அதுதானே? பேர் போடமாட்டன். அந்தப் பிள்ளை பாவம்."

"வேண்டாம், பிள்ளை."

"அப்ப நாளையிலையிருந்து நான் வேலைக்கு வரமாட்டன்."

ஹரோல்ட் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"காலமை நான் அந்தப் பிள்ளையின்ரை தாயைப் பாத்துப்போட்டுத்தான் வந்தனான். உந்தப் பெரிய கல்லூரியளுக்காகச் சண்டை பிடிக்கக் கனடா வரைக்கும் ஆக்கள் இருக்கினம். ஆயிரம் பிள்ளையளுக்குள்ளை ஒருத்தியை ஆராலும் கண்டுபிடிக்கேலாது. ஆனால், கிராமத்துப் பள்ளிக்கூடம் எண்டு எழுதினால் பின்னேரத்துக்கிடையிலை கமெராவோடை அங்கை நிப்பாங்கள்..."

"அங்கையும் பிள்ளையள் இருக்கினம்தானே, அண்ணை?"

"அங்கை பெரிய வகுப்பிலை படிக்கிற பெம்பிளைப் பிள்ளை அவள் ஒருத்திதான்."