பெட்டிக்குள் குடித்துக்கொண்டிருப்பது

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குளிர்ந்த பெட்டிக்குள் ஒரு சிறுநீரகம் படுத்தபடியே குடித்துக்கொண்டிருந்தது. இறந்துபோன யாரோ ஒருவருடையது. பொருத்தும்வரை கெட்டுவிடாமலிருக்க, இயந்திரம் அதற்குள் மருந்துநீரை ஓயாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. ஏழு வருட டயாலிசிஸில் நாளுக்கு அரை லிட்டர் தண்ணீரோடு காலம் தள்ளும் செங்கோடன் அதைப் பார்த்து எச்சில் விழுங்கப் பார்த்தான். எச்சில் இல்லை. எந்த நேரமும் ஆபரேஷன் இருக்கலாம், வயிறு காலியாக இருக்கவேண்டும் என்றார்கள், அதனால் காலையிலிருந்து அந்த அரை லிட்டரும் கூடாது.

இருப்பது ஒன்று, வரச்சொன்னது இரண்டு பேரை. பட்டியலில் முதல் ஆள் பக்கத்து நாற்காலி பிலோமினா. அவளுக்குக் காய்ச்சல், இருமல் என்று ஏதாவது இருந்தால்தான் செங்கோடனுக்கு.

"உங்களுக்கே கிடைச்சா சந்தோஷந்தாங்க்கா" என்று சொல்லிவிட்டு அவன் அவளுடைய நெற்றியையே பார்த்தான்.

"காய்ச்சல் இல்ல தம்பி. வேணும்னா தொட்டுப் பாத்துக்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் திணித்தும் ஒன்று தப்பிவிட்டது. கதவு திறந்தது.

"யாரு இருமுனது?" என்றாள் நர்ஸ்.

"இவருதான் சிஸ்டர்" என்றாள் பிலோமினா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

நான் இல்லை என்று சொல்லத்தான் செங்கோடன் வாயைத் திறந்தான். காய்ந்த தொண்டையில் முதல் சொல்லே சிக்கிக்கொண்டது. இருமினான். நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வர இருமினான்.

பிலோமினா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு பையிலிருந்து, அவளும் காலையிலிருந்து தொடாத தன் அரை லிட்டர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, நர்ஸ் பார்க்க அவனிடம் நீட்டினாள்.

"குடி தம்பி."