டென்ஸிலின் பிஸ்கட் டப்பா

"தரமாட்டேன்" என்றார் டென்ஸில்.

ஓட்டல் வாசலில் நின்றிருந்த நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் தன் பிஸ்கட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். அதில் பிஸ்கட் தீர்ந்து முப்பது வருஷம் இருக்கும். இப்போது ஃபியூஸ், காயில், கண்டன்சர், பல்பு எல்லாம் பேர் எழுதி ஒட்டி, அறை அறையாக அடுக்கியிருக்கும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கிளப் எங்களுடையது. வருஷா வருஷம் ஸ்காட்லாந்து மலைப்பக்கம் ஒரு சுற்று போவோம். இந்த வருஷம் ஏழு கார். ஏழுக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஓட்டுகிறவர்களின் வயதைக் கேட்காதீர்கள். இந்தக் கார்களில் எஞ்சின் படுக்காது, கரண்ட் சமாச்சாரம்தான் காலை வாரும். அதனால் மாற்றுச் சட்டை இல்லாமல் கிளம்பினாலும் மாற்று ரோட்டார் இல்லாமல் யாரும் கிளம்ப மாட்டோம். கட்டைவிரல் அளவு சாமான்தான். அது செத்தால் பிளக்கில் பொறி வராது. அப்புறம் கார் வெறும் நாற்காலி.

அன்று காலை செத்தது வில்ஃபிரட்டின் ரோட்டார்.

அதுவரை மனிதர் உற்சாகமாகத்தான் இருந்தார். "நேத்து சாயங்காலம் ஒரு ஆடு குறுக்கே பாஞ்சுது. எப்படி ஒடிச்சேன் தெரியுமா? எழுபத்தெட்டு வயசுக் கை!" என்று ஓட்ஸ் கஞ்சி ஆறுவதுகூடத் தெரியாமல் அளந்துகொண்டிருந்தார்.

அது அவருக்கு இருபத்தைந்தாவது சுற்று. முடித்தால் வெள்ளிப் பதக்கம். ஆனால் கடைசி மலைப்பாதையைத் தன் காரில், தானே ஓட்டிக் கடக்க வேண்டும். அது கிளப் சட்டம்.

"மாத்து ரோட்டார் எங்கே மேவிஸ்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வீட்லயே வச்சிட்டேன் போல."

"முடி சுருட்டற மெஷினை மறக்கல, இதை மட்டும் மறந்துட்டியா?"

மேவிஸா மறந்தார்? எங்களுக்கே ஆச்சரியம். கிளப்பில் சாமான் மாறிவிடக் கூடாதென்று, தன் வீட்டு ரோட்டாருக்கெல்லாம் நகப்பாலிஷில் சிவப்புப் பொட்டு வைக்கிற பெண்மணி அவர்.

ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது. வில்ஃபிரட் காரும் டென்ஸில் காரும் மட்டும்தான் ஒரே ரகம்.

"ஏங்க டென்ஸில், உங்ககிட்ட உபரியா ஒண்ணு இருக்கே, குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் எங்கள் கூட்டத்து ஃப்ரீடா.

"வழியில என்னோடது போச்சுன்னா?"

"போகாது."

"எழுதிக் குடுப்பீங்களா?"

வில்ஃபிரட் தொப்பியைக் கழற்றினார். "டென்ஸில், நான் யார்கிட்டயும் கெஞ்சினதில்ல. இப்ப கெஞ்சறேன்யா."

டென்ஸில் வானத்தைப் பார்த்தார். "மழை வரும் போலிருக்கு."

லாரி வந்து காரை ஏற்றியது. வில்ஃபிரட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மேவிஸ் எல்லாருக்கும் கையசைத்தார், டென்ஸிலுக்கும்கூட. அந்த அம்மாவுக்குப் பெரிய மனசு.

மதியம் மலையடிவார டீக்கடையில் டென்ஸில் மேஜையில் ஒருவரும் உட்காரவில்லை. வீட்டிலிருந்து கட்டிவந்த சாண்ட்விச்சைத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை பிடித்தது. பார்த்தால் என் வைப்பர் ஓடவில்லை. ஃபியூஸ் போயிருந்தது. மாற்று வைத்திருந்ததை முந்தாநாளே போட்டுவிட்டேன். வேறு வழியில்லாமல், வெட்கத்தை விட்டு அவரிடமே போய் நின்றேன்.

"இடது பக்கம், மூணாவது அறை. ஊருக்குப் போனதும் திருப்பித் தரணும். வேற எதையும் தொடாதே."

தொடாதே என்றால் கை சும்மா இருக்குமா? பக்கத்து அறையை மூடியிருந்த துணியை நகர்த்தினேன். இரண்டு ரோட்டார். இரண்டிலும் சிவப்புப் பொட்டு.

"யோவ், இது மேவிஸோடது! திருடினியா?"

டென்ஸில் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"கத்தாதே. விடியக்காலம் அவங்களே கொண்டாந்து குடுத்தாங்க. கார்ல இருந்த நல்லதையும் கழட்டி, செத்த ரோட்டார் ஒண்ணை மாட்டிட்டுத்தான் வந்தாங்க."

"எதுக்கு?"

"நேத்து அவர் பார்த்தது ஆடு இல்ல. வெள்ளைக் கோட்டு போட்ட பொண்ணு. சைக்கிள்ல வந்தா. ஓரத்துப் பள்ளத்துல சாஞ்சு தப்பிச்சா. நான் பின்னாடி வந்தேன், இறங்கித் தூக்கி விட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மலைப்பாதை வளைந்து வளைந்து மேகத்துக்குள் போனது. ஓரத்தில் தடுப்புச் சுவர் இல்லை.

"ஒரு வருஷமா கண் டாக்டர்கிட்ட கூப்பிடறாங்களாம். என் கண்ணுக்கு என்ன கேடுன்னு பாயறாராம். நாளைக்கு நேரம் வாங்கிட்டாங்க. கார் படுத்து இன்னைக்கே வீட்டுக்குப் போயிட்டா, சாக்குச் சொல்லித் தப்ப முடியாதே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "காலைலேருந்து உன்னை என்னெல்லாம் திட்டினோம்! நீயும் வாயைத் திறக்கலையே."

"எனக்கும் யோசனையாத்தான் இருந்துது. எல்லாரும் காறித் துப்புவாங்களேம்மான்னு அவங்ககிட்ட சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

டென்ஸில் டப்பாவை மூடினார்.

"'புதுசா ஒண்ணும் ஆகிடாது டென்ஸில். நீங்க தரமாட்டேன்னு சொன்னா கிளப்புல ஒருத்தருக்கும் சந்தேகமே வராது'ன்னாங்க."