தூக்கிய கை

திரையில் இருந்த முகங்கள் எல்லாம் இன்ஜினியரையே பார்த்தன.

பல நாடுகளின் இணையக் கேபிள்களை நிர்வகிக்கும் கூட்டமைப்பின் அவசரக் கூட்டம். படையெடுத்த நாட்டை உலக இணையத்திலிருந்து துண்டிப்பதா, வேண்டாமா? ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. இவருடையது மட்டும் பாக்கி. குண்டு விழும் ஊரிலிருந்து பேசுகிறவரும் இவர் ஒருவர்தான்.

மேல்மாடிகளில் ஆளில்லை. நிலவறையில், சர்வர்களின் இரைச்சலுக்கு நடுவே, தனியாக உட்கார்ந்திருந்தார்.

“அங்க இருக்கற சனங்களுக்கு அவங்க டிவி சொல்றதுதான் உலகம். ராணுவ முகாம மட்டும்தான் அடிக்கறோம்னு நம்பிட்டு இருக்காங்க. நெட்டையும் பிடுங்கிட்டா, நடக்கறத அவங்களுக்கு யார் சொல்றது?”

கூட்டமைப்பின் தலைவி கேட்டார். துண்டிக்க வேண்டாம் என்பது அவர் கட்சி.

இன்ஜினியரின் அம்மாவே அங்கேதான் இருக்கிறாள், எல்லைக்கு அந்தப் பக்கம், அக்கா வீட்டில். போர் தொடங்கியதும் போன் லைன்கள் செத்துவிட்டன. வீடியோ காலில்தான் தினமும் மகனின் முகத்தைப் பார்க்கிறாள். கூட்டத்தில் எல்லோருக்கும் இது தெரியும்.

துண்டிக்கலாம் என்று கை தூக்கினார்.

ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெற்ற தாயைக்கூடப் பார்க்காமல் ஓட்டுப் போட்ட மனுஷன் என்ற மரியாதை அந்த முகங்களில் தெரிந்தது. சாயங்காலம்வரை நெட் இருக்கும், அம்மாவிடம் பேசிவிடுங்கள் என்றார் தலைவி, தணிந்த குரலில்.

முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அம்மாவைக் கூப்பிட்டார். வழக்கம்போல போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. இனிமேல் கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது என்றார். அந்தக் கண் நிறைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிடு என்றாள்.

பிறகு தினமும் கேட்பதைக் கேட்டாள்.

“சின்னவன் எங்கடா? இன்னிக்காவது மூஞ்சியக் காட்டச் சொல்லு.”

“ஆஸ்பத்திரியில டூட்டிம்மா. ஆள் பத்தலையாம், விட மாட்டேங்கறாங்க.”

தம்பி நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிமேல் குண்டு விழுந்த நாளிலிருந்து அவர் சொல்லிவரும் பதில் அது.

நாளையிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.