செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்

பொன்பாடி செக்போஸ்டுக்கு ஒரு நிறுத்தம் முன்பே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன்.

தாண்டினால் ஆந்திரா. அங்கே காசு கட்டி போனில் சீட்டாடத் தடை. போன் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று ஆப் மோப்பம் பிடித்துவிடும். எல்லையைக் கடந்தால் ஆட்டத்தைப் பூட்டிவிடும்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் பக்கத்து நகரிக்காரர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுகிறார்கள். மணவாளன் டீக்கடை பெஞ்சில் ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எழவு வீடு தோற்றது போங்கள். நானும் ஓரமாக உட்கார்ந்தேன்.

போக்கர் போட்டி. இரண்டு வாரம் முன்பே பெயர் பதிவாகியிருந்தது. காலை ஒன்பதுக்குத் தொடங்கும்போது அறுநூறு பேர். இப்போது நாற்பது பேர் மிச்சம்.

எனக்கு இந்த ஆட்டம் தெரிந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஆளுக்கு இரண்டு சீட்டு. இரண்டும் ஒரே எண் என்றால் ஜோடி. ராஜா ஜோடி, ஆசு ஜோடி என்றால் தைரியமாக ஆடலாம். இரண்டு, மூன்று, நாலு எல்லாம் சின்ன ஜோடி. பார்க்க அழகு, நம்பினால் கழுத்தறுப்பு. மேசையில் விரிக்கும் முதல் மூன்று சீட்டில் அதே எண் இன்னொன்று விழுந்தால் யோகம். எட்டுத் தடவைக்கு ஒரு தடவை விழும். விழாவிட்டால் முனகாமல் கீழே போட்டுவிட வேண்டும்.

நான் விழுகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. வந்த ஜோடியையெல்லாம் விரிக்கும் முன்பே போட்டுக்கொண்டிருந்தேன்.

டீ கொண்டுவந்த மணவாளன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஜோடி வந்தும் கீழ போட்றீங்களே, இன்னா ஆட்டங்க இது?”

ஜெயிக்க ஆடினால்தானே. ஆட்டம் முடியாமல் இழுத்தால் போதும் எனக்கு. முடிந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறியாக வேண்டும்.

சட்டைப் பையிலிருந்த இன்னொரு போன் அடித்தது. வேணு. என் மனைவி துர்காவின் தம்பி. திருப்பதியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

கனகம்மாசத்திரத்தில் துர்காவின் ஸ்கூட்டி மீது லாரி மோதிப் பதினோரு நாள் ஆகிறது. மிஷின்தான் மூச்சு விடுகிறது. இனி திரும்ப மாட்டாள் என்று நேற்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று நான் கையெழுத்துப் போட்டால் மிஷினைக் கழற்றுவார்கள். வேணு ஒரு புடவை எடுத்துவரச் சொல்லியிருந்தான். எது என்று தெரியாமல் மூன்று எடுத்து வந்திருந்தேன்.

எங்கே இருக்கிறேன் என்று கேட்டான். பஸ்ஸில் என்றேன். கூசாமல் வந்தது பொய்.

எத்தனை நேரம்தான் இழுப்பது? சும்மா இருந்தாலும் சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயம் தின்றுகொண்டே இருக்கும். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்களே, அதுதான். பத்து மணிக்குக் குவியலாகக் கிடந்த காசு, இப்போது இன்னும் இரண்டு சுற்றுதான் தாங்கும்.

அழுகை வரவில்லை. பதினோரு நாளாகவே வரவில்லை. பயம் மட்டும் இருந்தது. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

மறுபடி வேணு. இந்த முறை எங்கே என்று கேட்கவில்லை.

“பாவா, அக்காவ இன்னும் கஷ்டப்பட வெக்க வேணாம். வந்துடுங்க.”

ஆங் என்றேன்.

வைத்துவிட்டுப் பார்த்தால் கையில் சின்ன ஜோடி, இரண்டும் நாலு.

கீழே போடவில்லை. இருந்ததை மொத்தமாகத் தள்ளினேன். எதிரில் ஒருவன் ராஜாவும் பத்தும் வைத்துக்கொண்டு ஈடுகட்டினான்.

முதல் மூன்று சீட்டில் நாலு இல்லை. ராஜாவும் இல்லை, பத்தும் இல்லை. நாலாவது சீட்டும் அவனுக்கு உதவவில்லை. என்னையறியாமல் முருகா என்றேன். பெஞ்சில் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

ஐந்தாவது, கடைசிச் சீட்டு ராஜா.

திரை மங்கி எழுத்து வந்தது. துர்கா முப்பத்தோராம் இடத்தில் வெளியேறினார் என்று இருந்தது.

போன் அவளுடையது. பெயர் பதிந்ததும் அவள்தான். சொல்லிக்கொடுக்கிறேன் வா என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம், போய் வேற வேலையைப் பார் என்றவன் நான்.

இரண்டு வருடமாக ஆடுகிறாள். நூறு பேருக்குள் ஒருநாளும் வந்ததில்லை.

பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். முப்பத்தொன்று என்று போய்ச் சொன்னால் நம்பவே மாட்டாள்.